மறுவிற்பனை விலைக்காக மனம் கேட்கும் வண்டியை விட்டுவிடலாமா?

காவிரிக்கரை, திருச்சி

வணக்கம். பதின்மூன்று ஆண்டுகள் ஓட்டிய ஸ்ப்ளெண்டரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கு ஒரு வண்டி வேண்டும். வயது 41. ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடி வரை தினமும் வேலைக்குப் போய்வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஆகும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது துறையூர் வழியாகப் பச்சைமலை ஏறிவிடுவேன். ஸ்ப்ளெண்டரிலும் ஏறியிருக்கிறேன், ஆனால் அது வண்டியைக் கெஞ்சிக் கெஞ்சி ஏற்றிய கதை.

இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 நிதானமான வண்டி, குறை சொல்ல எதுவும் இல்லை. அடுத்து ட்ரையம்ப் ஸ்பீட் 400. நான்கே கிலோமீட்டர்தான் ஓட்டினேன். இறங்கும்போது கை லேசாக நடுங்கியது, பயத்தால் அல்ல. இருபது வயதில் கேட்டுக் கிடைக்காத ஒன்று இத்தனை நாள் கழித்துக் கைக்கு வந்ததைப் போல இருந்தது.

பிறகு வீட்டில் சொன்னேன், மைத்துனரிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கு விற்றால் என்ன கிடைக்கும்?" வாங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கேட்பது தவறு என்று சொல்ல மாட்டேன். மூன்று லட்சம் ரூபாய் எனக்குச் சிறிய தொகை அல்ல. அந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை கொடுக்க வேண்டும் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன், திருநெல்வேலி

யோசிக்கவே வேண்டாம் சார், கிளாசிக் எடுங்கள். நான் 2019இல் எல்லாச் செலவும் சேர்த்து 1.80 லட்சத்துக்கு எடுத்தேன். ஐந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டு 1.22 லட்சத்துக்குக் கொடுத்தேன். விளம்பரம் போட்ட மூன்றாம் நாளே ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து பணத்தை எண்ணி வைத்துவிட்டு எடுத்துப் போனார். ஐந்து ஆண்டுக்கு 58 ஆயிரம். மாதம் ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

ஆர்எக்ஸ் ரசிகன், சேலம்

மறுவிற்பனை விலை என்றாலே எனக்கு அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 நினைவுக்கு வந்துவிடும். 1985இல் வந்த வண்டி, 1996இல் தயாரிப்பு நின்றது. 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த எடைக்கு அது ஓடிய ஓட்டம் ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பா 2006இல் அதை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு விற்றார். பெட்ரோல் குடிக்கிறது, புகை விடுகிறது, நான்கு ஸ்ட்ரோக் வண்டி வந்துவிட்டது, இனி இதை யார் வாங்குவார் என்று ஊரே சொன்னது. தரகர் ஒருவர் "இதற்கு மேல் ஒரு ரூபாய் வராது" என்று அடித்துச் சொன்னார். இன்று நல்ல நிலையில் உள்ள ஆர்எக்ஸ் 100க்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், கொடுக்கவும் ஆள் இருக்கிறது. ராஜ்தூத் 350 கதையும் இதுதான். 1983இல் இங்கே வந்தபோது மைலேஜைக் காட்டி ஒதுக்கினார்கள். இன்று அதை வைத்திருப்பவர் விற்கச் சம்மதிப்பதே பெரிய காரியம்.

விலையை முன்கூட்டிச் சொன்னவர்கள் அத்தனை பேரும் தவறினார்கள். அந்த வண்டியை ஓட்டி மகிழ்ந்தவர்கள் மட்டும்தான் எதையும் இழக்கவில்லை. சார், உங்கள் கை நடுங்கியது என்று எழுதினீர்களே, அதை நம்புங்கள்.

கணக்கர், சென்னை

ஆர்எக்ஸ் ரசிகன் அவர்களே, உங்கள் அப்பாவின் வண்டி மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் இதை வைத்து முடிவெடுக்க முடியாது. அதே காலத்தில் வந்த சுசுகி சாமுராய் எத்தனை, கேபி 100 எத்தனை, பின்னால் வந்த எல்எம்எல் ஃப்ரீடம் எத்தனை? பெரும்பாலானவை பழைய இரும்புக் கடைக்குத்தான் போயின. தப்பிப் பிழைத்த ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் தங்கமாகும் என்று நினைப்பது சரியாக இருக்காது. அது மட்டுமா, அந்த ஒரு லட்சம் உங்கள் அப்பா கைக்கு வரவில்லை.

காவிரிக்கரை அவர்களுக்கான கணக்கை இரவு எழுதுகிறேன்.

நீலமலைப் பெண், கோயம்புத்தூர்

அண்ணா, என் அனுபவத்தைச் சொல்கிறேன். எனக்கு உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். 2019இல் முதல் வண்டி வாங்கும்போது அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து முடிவு செய்தார்கள். "விற்றால் விலை போகும்" என்பதுதான் அவர்கள் பார்த்த ஒரே விஷயம். நல்ல வண்டிதான், ஆனால் எனக்கான வண்டி அல்ல. இருக்கையில் உட்கார்ந்தால் கால் நுனி மட்டும்தான் தரையைத் தொடும். சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற கவலை. வண்டி நிறுத்துமிடத்தில் பின்னால் தள்ளி எடுக்க யாரையாவது கூப்பிட வேண்டும். மெல்ல மெல்ல ஸ்கூட்டரிலேயே போகத் தொடங்கினேன்.

மூன்று ஆண்டுகளில் ஓடியது நான்காயிரம் கிலோமீட்டர். 2.05 லட்சத்துக்கு வாங்கியதை 1.50 லட்சத்துக்கு விற்றேன். குறைந்த ஓட்டம், முதல் உரிமையாளர் என்பதால் நல்ல விலை கிடைத்தது என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். போனது 55 ஆயிரம். நான்காயிரம் கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்குப் பதின்மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு, பெட்ரோல் சேர்க்காமல். அந்தப் பணத்துக்கு ஆட்டோவிலேயே போயிருக்கலாம்.

அடுத்து எனக்குப் பிடித்ததை நானே தேர்ந்தெடுத்தேன். இருக்கை உயரம் 790 மில்லிமீட்டர், கால் ஊன்ற முடிகிறது. இதுவரை 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் தனியாக ஏறியிருக்கிறேன். நாளைக்கே இதற்குப் பாதி விலைதான் கிடைக்கும் என்றாலும் கிலோமீட்டருக்கு மூன்று, மூன்றரை ரூபாய்க்கு மேல் போகாது. எந்த வண்டியை எடுத்தால் அதிகம் ஓட்டுவீர்கள் அண்ணா? நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

உப்பளத்தான், தூத்துக்குடி

இங்கே எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். எத்தனை நாளில் பணம் கைக்கு வரும் என்பதையும் பாருங்கள்.

2020இல் ஊரடங்கு தளர்ந்த மாதத்தில் அம்மாவுக்கு அவசரமாக அறுவை சிகிச்சை. கையில் இருந்தது போதவில்லை. என்னிடம் ஆசை ஆசையாய் வாங்கிய பெரிய வண்டி ஒன்று, வேலைக்குப் போகிற ஸ்ப்ளெண்டர் ஒன்று. பெரிய வண்டியை விற்றால் முழுத் தொகையும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பார்க்க வந்தவர்கள் பலர். ஓட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு வாய் அடைத்துவிட்டது. ஸ்ப்ளெண்டர் அரை நாளில் போனது. மீதிக்கு மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. பெரிய வண்டி விற்கவே எழுபது நாளுக்கு மேல் ஆயிற்று.

அம்மா நலமாக இருக்கிறார். ஆனால் அந்த எழுபது நாளை நான் மறக்கவில்லை. மகிழ்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. வங்கியில் தனியாக ஏதும் இல்லாதவனுக்கு வண்டிதான் சேமிப்பு. சட்டென்று விற்க முடியாத சேமிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காவிரிக்கரை, திருச்சி

உப்பளத்தான் அண்ணா, இரண்டு முறை படித்தேன். நான் நினைத்தே பார்க்காத பக்கம் இது. என்னிடம் ஆறு மாதச் சம்பளம் தனியாக இருக்கிறது, வண்டிக்கான பணம் அதில் சேராது. அது இல்லையென்றால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன், இன்னொரு ஸ்ப்ளெண்டரை எடுத்திருப்பேன்.

நீலமலைப் பெண் சொன்ன கணக்கையும் மனைவியிடம் காட்டினேன். "உங்கள் முதல் வண்டிக் கதையை முதலில் நினைத்துப் பாருங்கள்" என்றாள். கல்யாணத்துக்கு முன் நான் வைத்திருந்த ஒரு வண்டியை வாரம் ஒருமுறை துடைப்பேனே தவிர ஓட்டவே மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும்.

கணக்கர், சென்னை

சொன்னபடி எழுதுகிறேன். விழுக்காடுகள் என் ஊகம்தான், உங்கள் ஊர்ச் சந்தையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளாசிக் எல்லாம் சேர்த்து 2.40 லட்சம், ஸ்பீட் 400 எல்லாம் சேர்த்து 2.85 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஆண்டு கழித்து முதலாவதற்கு 55 சதவீதம் கிடைத்தால் 1.32 லட்சம், இழப்பு 1.08 லட்சம். இரண்டாவதற்கு 42 சதவீதமே கிடைத்தால் ஏறத்தாழ 1.20 லட்சம், இழப்பு 1.65 லட்சம். வித்தியாசம் 57 ஆயிரம். மாதத்துக்கு எண்ணூறு ரூபாய்க்குள். வேலைக்கும் மலைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 12,500 கிலோமீட்டர் ஓட்டினால் ஆறு ஆண்டில் 75 ஆயிரம் ஆகிறது, கிலோமீட்டருக்கு 76 காசு.

இப்போது யாருமே கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். முதலாவது லிட்டருக்கு 35, இரண்டாவது 30 கொடுத்தால் அந்த 75 ஆயிரம் கிலோமீட்டரில் கூடுதலாக ஏறத்தாழ 357 லிட்டர் பெட்ரோல் போகும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் 35,700 ரூபாய். மறுவிற்பனை வித்தியாசத்தில் பாதிக்கும் மேலான தொகை பெட்ரோலுக்கும் தனியாகப் போய்விடுகிறது! மறுவிற்பனைக்காக இரவெல்லாம் தூங்காதவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஏனென்றால் பெட்ரோல் இருநூறு இருநூறாகப் போகிறது, விற்கும் நாளில் மட்டும் மொத்தமாக வலிக்கிறது.

அடுத்து வரி. தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். ஸ்பீட் 400 ஜூலை 2023இல் அறிமுகமானபோது ஷோரூம் விலை 2.33 லட்சம். அதற்கு 12 சதவீதம் என்றால் ஏறத்தாழ 28 ஆயிரம். இந்தப் பணத்தை விற்கும்போது யாரும் தனியாகத் திருப்பித் தர மாட்டார்கள். புதிய வண்டியைப் பதிவு செய்த அன்றே இது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டிக்கும் இது பொருந்தும், விலை ஏற ஏற வலியும் ஏறும்.

விலை உயர்வாக நிற்கும் வண்டிக்கும் ஓர் ஓட்டை உண்டு. காப்பீட்டு நிறுவனம் சந்தை விலையைப் பார்ப்பதில்லை. வண்டியைச் செய்த நிறுவனம் அறிவித்த விலையிலிருந்து வண்டியின் வயதுக்கேற்பக் கழிக்கும்: முதல் ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. ஐந்தாம் ஆண்டில் உங்கள் வண்டிக்குச் சந்தையில் 65 சதவீதம் மதிப்பு இருந்தாலும், அன்று திருடு போனால் கைக்கு வருவது இந்தக் கணக்குப்படிதான். நல்ல மறுவிற்பனை விலை என்பது விற்றால் மட்டுமே உங்கள் பணம்.

கடைசியாக, அரசின் முடிவுகள். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி மாறியது. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு 28இலிருந்து 18 சதவீதம் ஆயிற்று. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆயிற்று. அந்த ஜூன் மாதத்தில் ஒரு நண்பர் மறுவிற்பனைக்காகவே 350 சிசி வண்டி எடுத்தார். மூன்று மாதத்தில் புதிய வண்டியின் விலை இறங்கியது, அவர் வண்டியின் மதிப்பும் கூடவே இறங்கியது. அவர் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை.

மலைக்கோட்டை மாணவன், திருச்சி

இதை நானும் பார்த்தேன். 2017 மார்ச் 31, பிஎஸ் 3 என்ற பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளை விற்பதற்குக் கடைசி நாள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டு நாள் முன்புதான் வந்திருந்தது. பல ஆயிரம் ரூபாய் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு மாமாவுடன் போய் வரிசையில் நின்று எடுத்தோம். "பிஎஸ் 3, இனி யாரும் வாங்க மாட்டார்கள்" என்றார்கள். 2023இல் மாமா விற்றபோது வாங்கியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செயினைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், சீக்கிரம் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்தார்.

பட்டறைத் தம்பி, கரூர்

அவர் பார்த்ததுதான் சரி. பதினெட்டு ஆண்டாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் "அண்ணா, இந்த வண்டியைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று பழைய வண்டியோடு வருவார்கள். விலையைத் தீர்மானிப்பது பாதி கம்பெனி பெயர், மீதிப் பாதி வைத்திருந்தவரின் கை. ஒரே மாடல், ஒரே ஆண்டு, முப்பதாயிரம் வித்தியாசத்தில் போவதை என் கண்ணால் பார்க்கிறேன். சர்வீஸ் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருப்பவர், கழற்றிய பழைய சைலன்சரையும் கண்ணாடிகளையும் பரணில் பத்திரப்படுத்தியவர், சாவி இரண்டையும் கொடுப்பவர், இவர்கள் வண்டிக்குப் பேரமே குறைவு. சத்தம் வேண்டும் என்று சைலன்சரை மாற்றி, அசலைத் தொலைத்துவிட்டு வருபவருக்கு நான் என்ன சொல்லி விலை ஏற்றித் தர முடியும்?

கம்பெனி பற்றி ஒன்று. 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் தன் விற்பனையையும் ஆலையையும் நிறுத்துவதாக அறிவித்தது. அவர்களுடைய ஸ்ட்ரீட் 750 வைத்திருந்தவர்கள் அன்று பட்ட கவலை சிறியதல்ல. பிறகு ஹீரோவுடன் கைகோத்து, 2023இல் எக்ஸ் 440 வந்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் விற்க வேண்டியிருந்தவர் என்ன செய்வார்? காவிரிக்கரை சார், நீங்கள் பார்க்கும் இரண்டிலும் அந்தப் பயம் எனக்கு இல்லை. ஒன்றின் கம்பெனி இந்த மண்ணிலேயே 1950களிலிருந்து வண்டி செய்கிறது. இன்னொன்றைச் செய்வது பஜாஜ். சர்வீஸ் மையம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், உதிரிபாகம் கேட்டால் எத்தனை நாளில் வருகிறது என்பதை மட்டும் நேரில் போய் விசாரியுங்கள்.

இன்னொன்று, நான் சொல்ல வந்ததே இதுதான். மறுவிற்பனை விலை விழும் என்று பயப்படுகிறீர்கள். விழுந்த பிறகு வாங்கினால் என்ன? இரண்டு ஆண்டு ஓடிய, எட்டு ஒன்பதாயிரம் கிலோமீட்டர் கண்ட ஸ்பீட் 400 எப்படியும் எங்காவது நிற்கும். ஆசைக்கு எடுத்துவிட்டு வெளிநாடு போனவர், வீடு கட்டத் தொடங்கியவர், முதுகு வலி வந்தவர் என்று எத்தனையோ பேர். ஆயுள் வரியை அவர் கட்டிவிட்டார், முதல் இரண்டு ஆண்டு இழப்பையும் அவர் ஏற்றுக்கொண்டார். ஒன்று மட்டும், தமிழ்நாட்டுப் பதிவு எண்ணாக இருக்கட்டும். புதுச்சேரி, கர்நாடக வண்டி மலிவாகத் தெரியும். இங்கே கொண்டுவந்து பதிவு செய்யும்போது ஆயுள் வரி மறுபடி வந்து நிற்கும்.

ஆர்எக்ஸ் ரசிகன், சேலம்

பட்டறைத் தம்பி சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனாலும் புது வண்டியின் முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாம் ஓட்டிப் பழக்கியதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க எனக்குச் சம்மதம்.

காவிரிக்கரை, திருச்சி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு ஸ்பீட் 400 கிடைத்தது. 2023 இறுதியில் பதிவானது, ஒரே உரிமையாளர், ஓட்டம் 8,700. அவர் கேட்டது 1.95 லட்சம், 1.86க்கு ஒத்துக்கொண்டார். பட்டறைத் தம்பி சொன்னபடி காலையில் சொல்லாமல் போய், என்ஜின் சூடேறாத நிலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் இருக்கின்றன.

அவர் பெருந்தன்மையானவர். ஒரு நாள் எடுத்துப் போய்ப் பாருங்கள் என்று, என் ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்திக்கொண்டு சாவியைக் கொடுத்தார். மனைவியையும் ஏற்றிக்கொண்டு பச்சைமலை போனேன். ஸ்ப்ளெண்டரில் முதல் கியருக்கு இறங்கும் அதே ஏற்றத்தில் மூன்றாவதில் போனோம். மேலே செங்காட்டுப்பட்டியில் இறங்கியபோது மனைவி சொன்ன முதல் வார்த்தை, பின் இருக்கை குட்டையாக இருக்கிறது என்பது. இரண்டாவது, "நீங்கள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தீர்கள், தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டும்போது நான் பேசுவதே இல்லையாம்.

இருக்கைக்கு மெத்தை வேலை செய்து தருபவரைப் பார்த்துவிட்டேன். அசல் இருக்கையை அப்படியே பரணில் வைக்கப் போகிறேன்.

ஒரு சிக்கல். ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறது. கடன் முடிந்துவிட்டது என்கிறார், குறுஞ்செய்தியைக் காட்டினார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போங்கள், பெயர் நீக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். கொடுக்கலாமா?

பட்டறைத் தம்பி, கரூர்

கொடுக்க வேண்டாம் சார். அவர் நல்லவராகவே இருக்கலாம், அதில் சந்தேகம் இல்லை. குறுஞ்செய்தி செல்லாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததாக வங்கி கையெழுத்திட்ட படிவம் 35உம் கைக்கு வரட்டும். ஐயாயிரம் முன்பணம் கொடுத்து ரசீது வாங்குங்கள். வங்கி பெயர் நீங்கிய ஆர்சியைப் பார்த்த பிறகு உரிமையாளர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, அன்றே மீதிப் பணம். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். காப்பீட்டில் இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான கோரிக்கையில்லாப் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் சற்றுக் கூடும்.

பின் டயரின் தயாரிப்புத் தேதியைப் பார்த்தீர்களா? பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

காவிரிக்கரை, திருச்சி

3623. வண்டியோடு வந்த டயர்தான் போலிருக்கிறது. திங்கட்கிழமை அவரோடு வங்கிக்குப் போகிறேன்.